ஈரத் துண்டு போர்த்திய டிரம்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு துண்டு. ஓரத்தில் நீல நூலால் எண் தைத்த ஆஸ்பத்திரித் துண்டு. அன்றைக்கும் இதே போல ஞாயிறு. பாய்லர் அணைந்திருந்தது. மடிப்பு வேலைக்கு நானும் இன்னொருத்தியும் மட்டும் சலவைச்சாலைக்கு வந்திருந்தோம். பாய்லர் அண்ணன் அந்தத் துண்டைத் தொட்டியில் முக்கிப் பிழியாமல் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு கீழே பாய்லர் அறைக்கு இறங்கினார். துவைத்து உலர்த்தி மடித்து வைத்ததை ஒருவர் மறுபடி நனைத்துக் கொண்டுபோவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. திருப்பிக் கேட்கப் பின்னாலேயே போனேன்.

நலம் விசாரிக்காமல் துண்டில் தொடங்குகிறாளே என்று நினைக்காதீர்கள். போன கடிதத்தில் எனக்கு இரண்டு உத்தரவு போட்டிருந்தீர்கள். பாய்லர் அறைக் கும்பலோடு சேரக் கூடாது. நீங்கள் அனுப்பிய காமிராவையும் ஃபிலிம் சுருள்களையும் உடனே அத்தையிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது: இரண்டு மாதமாக அம்மாவின் கடிதம் ஏன் என் கையெழுத்தில் வருகிறது, அம்மாவுக்கு உங்கள் மேல் கோபமா என்று. மூன்றுக்கும் பதில் அந்தத் துண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கீழே மூன்று பேர் இருந்தார்கள். பாய்லர் அண்ணன் ஈரத் துண்டை டிரம்மின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். மேலே சத்தம் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற ஒருவர் ஒட்டுப் போட்ட கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் அச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிற ஒரு அக்கா. கழுத்தும் நீளம், காலும் நீளம். தன் பெயர் கொக்கு என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் குச்சியை இறக்கினார். துண்டுக்கு அடியிலிருந்து வந்த சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக விலா எலும்புக்கு வந்தது. அதன் மேல் கிட்டாரில் இரண்டே இரண்டு சுரம், தகரத்தைக் கீறுவது போல. கொக்கு அக்கா பாடவில்லை. சலவைச்சாலைச் சுவரில் எழுதியிருக்கிற எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரக் கையால் தொடாதே. ஓடும்போது பேசாதே. நீராவிக்கு முகம் காட்டாதே. தினமும் எங்கள் தலைக்கு மேலேயே தொங்குகிற வரிகள்தான். அவள் வாயில் அவை கட்டளையாக இல்லை, புகாராக இருந்தன.

என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு வழக்கம் போல பேச்சு வரவில்லை. துண்டைக் கையால் காட்டினேன். கொக்கு அக்கா சிரிக்காமல் சொன்னாள், "துண்டுக்காகவா வந்தே? இரு, இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு, முடிஞ்சதும் தரேன்." அன்றிலிருந்து அங்கே என் பெயர் துண்டு.

இந்த மாதிரி வாசிப்புக்கு வெளிநாட்டில் போஸ்ட்-பங்க் என்று பெயராம். அச்சுக்காரரிடம் ஒரு கேசட் இருக்கிறது. பிரதியிலிருந்து பிரதி எடுத்து, பாட்டை விட இரைச்சல் அதிகம். யாரோ ஒரு கப்பல்காரர் விட்டுப்போனதாம். உங்கள் இனம்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை, சொல்ல ஏதாவது இருந்தால் போதும் என்பார் அச்சுக்காரர். ஒரு தடவை அம்மா படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டு, மெஷினில் பேரிங் போன மாதிரி இருக்கிறது என்றாள். அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பேரிங் போன சத்தம் உங்களுக்குத் தெரியுமே அப்பா, எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். அந்தச் சத்தம் வந்தால் யாராவது ஓடிவந்து பார்த்தே ஆக வேண்டும். இதுவும் அந்த ஜாதிச் சத்தம்தான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது உங்களுக்கு இன்னும் உறுத்துகிறது என்று தெரியும். எழுந்து நின்று பாடம் வாசி என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாசிக்கிற வரை பெஞ்சு மேல் நில் என்றார் வாத்தியார். நான்கு நாள் நின்றேன், ஐந்தாம் நாள் போகவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை திட்டாமல் விலகல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினீர்கள். அதை நான் மறக்கவில்லை. பாய்லர் அறையில் ஒருத்தரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை, பேசச் சொல்லவுமில்லை. மூலையில் சோப்புத்தூள் டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது ஒரு வேலை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அண்ணன் அடிக்கப் போவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் தோள் இறங்கும். கொக்கு அக்கா வாய் திறப்பதற்கு முன் கண்ணை மூடுவாள். இதையெல்லாம் யாராவது பிடித்து வைக்க வேண்டாமா என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் உங்கள் பார்சல் வந்தது.

சாவி முறுக்குகிற பழைய காமிரா, மூன்று சுருள். அம்மா வேலை செய்வதையும் வீட்டையும் தங்கச்சியையும் எடுத்து அனுப்பு, வருஷக்கணக்காகி முகமெல்லாம் மங்கலாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காமிராவில் சுருள் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் திருப்பிப் போட்டால் மறுபக்கம் ஓடும், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஒரு வியாழக்கிழமை முதல் பக்கத்தில் அம்மாவை எடுத்தேன். மறுபக்கத்தில் வீடு, படிக்கட்டு, ஜன்னல், முன்பல் விழுந்த தங்கச்சி. நீங்கள் கேட்டதை ஒன்று விடாமல் எடுத்தேன் அப்பா.

அம்மாவை எடுத்தபோது மாமா தானாகவே வந்து நின்றார். அத்தை வீட்டுக்காரர் அங்கே மேற்பார்வையாளர் என்பதும், அம்மாவுக்கு அந்த வேலை அவர் வாங்கிக் கொடுத்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. துணி அழுத்துகிற பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி வலைத் தடுப்பு இருக்கிறது. அதை இறக்கிவிட்டுத்தான் மேல் பலகையை மூட வேண்டும், அப்போதுதான் கை மாட்டாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது இறங்கி ஏறுவதற்குள் ஒரு துணி தாமதமாகிறது என்று, மாமா எல்லா மெஷினிலும் தடுப்பைத் தூக்கிக் கம்பியால் கட்டச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் காமிராவைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மச்சான் பாக்கட்டும், நான் எப்படி வேலை வாங்கறேன்னு" என்று சொல்லி, அம்மா மெஷினில் அந்தக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்து இறுக்கினார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இனி என் தவறு. சலவைச்சாலையில் ஒரு பழக்கம். முடித்த துணியை அடுக்கின் மேலே வைப்போம், எடுக்கும்போது அடியிலிருந்து எடுப்போம். அப்போதுதான் ஒரே துணி திரும்பத் திரும்பத் தேயாது. அந்தக் கைப்பழக்கத்தில் எடுத்து முடித்த சுருளின் டப்பாவை மற்ற இரண்டுக்கும் மேலே வைத்துக் கட்டிப் பையில் போட்டிருந்தேன். அந்த ஞாயிறு பாய்லர் அறையில் நான் காமிராவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு டப்பா எடுத்துத் தாருங்கள் என்று அச்சுக்காரரிடம் சைகை காட்டினேன். அவர் மேலே இருந்ததை எடுத்துத் தந்தார். உலகத்தில் எல்லோரும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார்கள். எனக்குத்தான் அது தோன்றவில்லை. அம்மா இருந்த அதே பக்கத்தின் மேல் இரண்டு நிமிடம் இவர்கள் மூன்று பேரையும் எடுத்துவிட்டேன்.

கழுவி, இரண்டு பக்கத்தையும் பிளந்து ஒரே நீளமாக ஒட்டிக் கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அம்மாவின் வலது கை மெஷினில் மாட்டிவிட்டது.

இதை எழுதக் கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நடுக்கடலில் இருக்கிற மனுஷன் கேட்டு என்ன செய்ய முடியும், தூக்கம்தான் போகும் என்றாள். அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பேனா பிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். புண் ஆறிக்கொண்டு வருகிறது. மூன்று விரல் மடங்கவில்லை. மடங்கும் என்கிறார் ஒரு டாக்டர், பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால், மாமா ஒரு தாளில் அம்மாவின் இடது கைப் பெருவிரலை வைத்து அழுத்தினார். தடுப்பை நானே கட்டினேன், என் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த அம்மாவிடம் ரேகை வாங்கினார்கள் அப்பா. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பெஞ்சு மேல் நின்ற நான்கு நாளை விட அந்த நிமிடம் நீளம்.

படத்தை முதலில் சங்கக் கூடத்து புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தோம். அச்சுக்காரர் தன் சங்கத்தில் கேட்டு ஏற்பாடு செய்தார். பாழாய்ப் போய்விட்டது என்று தெரிந்ததும் எழுந்து அணைக்கப் போனேன். கொக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் மெஷினுக்குள் டிரம் இருந்தது. பலகை மூடுகிறபோது அண்ணனின் குச்சியும் இறங்கியது. அம்மா முகத்தின் மேல் கொக்கு அக்காவின் கழுத்து ஏறியது. எல்லாம் ஆவிக்குள் ஆவியாக இருந்தது. ஆனால் மாமா வந்து நின்ற இடத்தில் மட்டும் பாய்லர் அறைப் படம் ஒரே இருட்டு, அங்கே அவர் தெளிவாகத் தெரிந்தார். கம்பியை இழுத்தார், இறுக்கினார், சிரித்தார்.

ஊமைப் படம்தானே, பாட்டை நாமே நேரில் வாசித்துவிடலாம் என்றார் அச்சுக்காரர். அண்ணன் இருபது தடவையாவது படத்தைப் போடச் சொல்லிப் பார்த்திருப்பார். கடைசியில் என்னிடம் திரும்பி, "உங்கம்மாதான், துண்டு, நம்ம தாளம்" என்றார். பலகை மூடும்போது ஓர் அடி. ஆவி போகும்போது கிட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் மௌனம். அந்த மௌனத்தில்தான் அம்மா கையை உள்ளே வைத்துத் துணியை நீவுகிறாள். கொக்கு அக்கா எழுதி வைத்திருந்த வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, மெஷினுக்கு மேல் சுவரில் இருக்கிற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டாள்: தடுப்பை இறக்காமல் இயக்காதே.

இது மாமா காதுக்குப் போகாமல் இருக்குமா. வீட்டுக்கு வந்து, படத்தைக் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறேன், இல்லாவிட்டால் இரண்டு பேரும் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அடுத்த வாரமே அத்தை உங்களுக்கு எழுதினார். ரவுடிக் கும்பல், இரைச்சல், வயதுக்கு வந்த பெண் என்றெல்லாம் எழுதியிருப்பார், எழுதட்டும். கையைப் பற்றி எழுதினாரா? நீங்கள் உங்கள் அக்கா சொன்னதைக் கேட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குப் பேசத்தான் வராது, எழுத வரும்.

அம்மாவும் கொடுத்துவிடு என்றுதான் சொன்னாள். "படமா சோறு போடப் போவுது? குடுத்துத் தொலையேன்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் படத்தை அவள் பார்த்ததுமில்லை. பார்க்க மாட்டேன் என்றாள். நான் கொடுக்கவில்லை. அந்தத் திங்களோடு எங்கள் இருவர் வேலையும் போயிற்று. இதற்கு நெகட்டிவ் கிடையாது. இருப்பது இந்த ஒன்றுதான்.

நேற்று சனிக்கிழமை மதியம் சங்கக் கூடத்தில் வாசித்தார்கள். அச்சுக்காரர் தானே எழுத்துக் கோத்து நோட்டீஸ் அடித்திருந்தார். நாற்பது நாற்காலி போட்டோம், பத்து பேர் வந்தால் பெரிது என்று. மெஷின் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து நனைந்த முன்துணியோடு அப்படியே வந்துவிட்டார்கள், நாற்காலி போதவில்லை. திரைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு. ஓரத்தில் நீல நூல் எண் தெரிந்ததும் ஒருத்தி, இதை நான்தான் தேய்த்தேன் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அம்மா தங்கச்சியோடு வந்து சுவரோரம் நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

ஜன்னல்களை மூடினோம். படம் ஓடியது. முதல் அடி விழுந்ததும் பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம் ஆயிற்றே. கம்பியை இறுக்குகிற இடம் வரப் போகிறது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, புரொஜெக்டருக்கு முன்னால் கையை வைத்தார். விரிப்பு முழுக்க ஐந்து கறுப்பு விரல்.

பாட்டு நிற்கவில்லை. நிறுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. அண்ணன் இருட்டைப் பார்த்தே அடித்தார். அவருக்குத்தான் தாளம் மனப்பாடமாயிற்றே.

என் தொண்டை வழக்கம் போல அடைத்தது. அடைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

"மாமா, கையை எடுங்க."

"யார்கிட்ட பேசறே? உங்கப்பனே என்கிட்ட இப்படிப் பேசினதில்லை."

அது உண்மைதான் அப்பா. நீங்கள் பேசியதில்லை. நான் இன்னொரு தடவை அதையே சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குள் அம்மா சுவரோரத்திலிருந்து நடந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"நகருங்க அண்ணா. படத்துல இருக்கறது என் கை. நல்லா இருந்தப்போ எடுத்தது. நான் பாக்கணும்."

அவர் கை கீழே இறங்கியது. வெளிச்சம் விரிப்பில் விழுந்தபோது, அங்கே அவரே நின்றுகொண்டு கம்பியை இழுத்து இறுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கொக்கு அக்கா கண்ணை மூடி அந்த ஒரு வரியைச் சொன்னாள். இரண்டாம் தடவை மெஷின் பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாம் தடவை நானும் சொன்னேன். மாமா எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் மறுபக்கம் தானாக ஓடியது. நம் வீட்டுப் படிக்கட்டு, ஜன்னல், ஓட்டைப் பல்லோடு தங்கச்சி. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்கு என்ன ஏது என்றே புரியவில்லை. இரண்டு பெண்கள் அம்மாவிடம் வந்து, ரேகை வைத்த தாளைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்கலாம், நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் சொல்வார்களா, பயந்து பின்வாங்குவார்களா, தெரியாது. வீட்டு வாசலில் அம்மா, மறுபடி ஒரு தடவை போட்டுக் காட்டுவாயா என்று கேட்டாள்.

இப்போது உங்கள் உத்தரவுகளுக்கு வருகிறேன். பாய்லர் அறைக்கு இனியும் போவேன். காமிராவை அத்தையிடம் கொடுக்க மாட்டேன். உங்கள் பேச்சை இதற்கு முன் நான் தட்டியதே இல்லை, அதனால்தான் இதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா வரும். சுருளை ஒட்டுப் போட்ட இடத்தில் வெட்டி, வீடும் தங்கச்சியும் இருக்கிற பாதியை அதில் வைத்திருக்கிறேன். அது உங்களுடையது, நீங்கள் கேட்டது. அம்மா இருக்கிற பாதியை அனுப்ப மாட்டேன். இந்த வருஷமும் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் அந்தப் பாதியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் இங்கேதான் வர வேண்டும். நம் வீட்டுச் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. புரொஜெக்டரைச் சங்கத்தில் கேட்டு வாங்கிவிடலாம். பாட்டில்லாமல் பார்த்தாலும் தாளம் தெரியும், அம்மாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கீழே ஓரத்தில் கோணல்மாணலாக இருப்பது அம்மாவின் இடது கை எழுத்து. என்ன எழுதினாள் என்று நான் படிக்கவில்லை. எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று, அது மட்டும் தெரியும்.

எஞ்சின் அறையில் உங்கள் கை பத்திரம் அப்பா. அங்கேயும் தடுப்புகள் இருக்கும், யாராவது கட்டச் சொல்வார்கள். கட்டாதீர்கள்.

சொல் பேச்சுக் கேட்காத, பிரியத்தில் எள்ளளவும் குறையாத,
உங்கள் மூத்த மகள்

பி.கு.: திங்கள் காலை. தபால் நிலையம் திறக்க நேரம் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு டப்பாவில் அடியில் இருந்ததை எடுத்துக் காமிராவில் போட்டேன். சலவைச்சாலை வாசலுக்கு எதிரே போய் நின்று, சாவியை முழுக்க முறுக்கி, ஷிஃப்ட் மணி அடித்து மெஷின் பெண்கள் உள்ளே போகத் தொடங்கியதும் விசையை அழுத்தினேன்.